போர்ப்பகுதி மக்களுக்கும் அகதிகளுக்கும் மருத்துவ உதவி: பாடாங் செராய் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வட்டாரத்தில் இருக்கும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், போர்ப்பகுதிகளில் நடைபெறும் மருத்துவப் பணிகளுக்காகச் சில ஆண்டுகளாகக் கோயில் மண்டபத்தில் நிதி திரட்டி வருகிறோம். திருவிழா நாள்களில் மேசை போட்டு உட்காரும்போது எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கூட்ட நெரிசலில் அரைகுறையாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளன். ஆங்காங்கே கலந்திருக்கும் கருத்துகளுக்கு நானே பொறுப்பு, குழுவினர் அல்லர்.

மருத்துவ மனிதநேய உதவி என்பது எது? அரசு மருத்துவமனை செய்வதிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

ஒரு நாட்டில் போர் மூண்டு, மருத்துவமனை இடிந்தோ, மருத்துவர்கள் ஓடியோ, மருந்து வரும் சாலை அடைபட்டோ போகும்போது, அங்குள்ள பொதுமக்களுக்கும் அங்கிருந்து தப்பி வேறிடம் சேர்ந்தவர்களுக்கும் வெளியிலிருந்து வந்தோ உள்ளூர்ப் பணியாளர்களைக் கொண்டோ அளிக்கப்படும் சிகிச்சையையே அப்படிச் சொல்கிறோம். அரசு மருத்துவமனைக்கு நிரந்தரக் கட்டடமும் வட்டார மக்களின் கணக்கும் இருக்கும். இவர்களுக்குக் கூடாரம் இருக்கும். நாளை எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியாது. குண்டடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை செய்வதே இப்பணியின் பெரும்பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிரசவம், வயிற்றுப்போக்கு, தட்டம்மை, மலேரியா, பாதியில் நின்றுபோன நீரிழிவு மாத்திரை ஆகியவையே நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

அகதியும் வெளிநாட்டுத் தொழிலாளியும் ஒன்றுதானே?

இல்லை. வேலைக்காக வந்தவர் விரும்பினால் ஊர் திரும்பலாம். இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் தம் நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க அச்சத்தால் திரும்ப முடியாதவரே 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அகதி. எல்லையைக் கடக்காமல் சொந்த நாட்டுக்குள்ளேயே விரட்டப்பட்டவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவருடைய துன்பம் குறைவானதன்று, ஆனால் அந்த ஒப்பந்தம் அவரைத் தொடுவதில்லை. அவ்வொப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சண்டையிட்டவனுக்கும், எதிர்த்தரப்பைச் சேர்ந்தவனுக்கும் சிகிச்சை அளிப்பது நியாயமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் கோபத்தோடும் கேட்கப்படும். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கின்றன. காயம்பட்டவர் எந்தத் தரப்பினராயினும் பராமரிக்கப்பட வேண்டும். ஒருவரை மற்றொருவருக்கு முன்பாகக் கவனிப்பதற்கு மருத்துவ அவசரம் ஒன்றைத் தவிர வேறு எக்காரணமும் ஏற்கப்படாது. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு இரத்தம் ஒழுகக் கிடப்பவன் அந்த நிமிடத்திலிருந்து நோயாளி. அவன் குற்றம் செய்திருந்தால் அதை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை; தையல் போடுபவரின் வேலையன்று.

இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம் என்பதை நான் எந்தப் போர்க்களத்திலும் கற்கவில்லை. என் தந்தை 1960-களில் இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் டிரசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, இருந்தார். தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரி திறக்கும். அதற்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார் வீட்டாருக்கு. பின்வாசல் திண்ணை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து மக்களுக்கு. பால்வெட்டும் கத்தி பட்டு விரல் பிளந்தவர் துணியைச் சுற்றிக்கொண்டு பின்னால் காத்திருக்க, சளிபிடித்த கிராணி வீட்டுப் பிள்ளையை முன்னறையில் முதலில் பார்ப்பதுதான் வழக்கம். ஒருநாள் என் தந்தை மருந்து அலமாரியை இழுத்து முன்வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டு, மழையில் கதவு உப்பிவிட்டதால் திறக்க முடியவில்லை என்று தோட்ட மேலாளரான துரைக்கு எழுதி அனுப்பினார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்த அலமாரி அங்கேயேதான் நின்றது.

போர்ப்பகுதி மருத்துவமனையில் இதே வேலையை வண்ண அட்டைகள் செய்கின்றன. உடனே பார்க்காவிட்டால் இறந்துவிடுவார் என்பவருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கலாம் என்பவருக்கு மஞ்சள், நடந்து வந்தவருக்குப் பச்சை, காப்பாற்ற இயலாதவருக்குக் கறுப்பு. இருக்கும் கைகளும் இரத்தப் பைகளும் போதாதபோது கறுப்பு அட்டையைக் கட்டுவதுதான் இத்தொழிலின் மிகக் கொடிய வேலை. அப்போதும் அவருக்கு வலி மருந்து உண்டு, பக்கத்தில் ஓர் ஆள் உண்டு.

மருத்துவமனையைத் தாக்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் ஏன் தாக்குகிறார்கள்?

நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 18-ஆவது விதி பொதுமக்களுக்கான மருத்துவமனையை எந்நிலையிலும் தாக்கக் கூடாது என்கிறது. அடுத்த விதி அப்பாதுகாப்பு எப்போது நீங்கும் என்பதைக் கூறுகிறது: மருத்துவப் பணிக்குப் புறம்பாக, எதிர்த்தரப்புக்குக் கேடு விளைக்கும் செயலுக்கு அந்த இடம் பயன்படுத்தப்பட்டால் மட்டுமே, அதுவும் முறையாக எச்சரித்து, தக்க அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் அது நிற்காவிட்டால் மட்டுமே. காயம்பட்ட போர்வீரர்கள் அங்கே படுத்திருப்பதும், அவர்களிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கிகள் இன்னும் ஒப்படைக்கப்படாமல் ஓர் அறையில் கிடப்பதும் அத்தகைய செயலாகக் கருதப்படா என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. செய்தியில் 'உள்ளே போராளிகள் இருந்தார்கள்' என்று வரும்போது, அவர்கள் கட்டிலில் இருந்தார்களா, சன்னலில் இருந்தார்களா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

2015 அக்டோபர் 3-ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திய விபத்துச் சிகிச்சை மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தனர். நோயாளிகள் 24 பேர், பணியாளர்கள் 14 பேர், உடனிருந்து பார்த்துக்கொண்டவர்கள் 4 பேர். அம்மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் வரைபடக் குறியீடுகள் முன்கூட்டியே எல்லாத் தரப்பினருக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2286-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி மருத்துவப் பணிகள் மீதான தாக்குதல்களைக் கண்டித்தது. தாக்குதல்கள் நிற்கவில்லை. சட்டம் இல்லாததாலன்று, சட்டத்தை மீறியவர் தண்டிக்கப்படுவது அரிதாக இருப்பதால்தான் இவை தொடர்கின்றன என்பது என் கணிப்பு.

2009-இல் இலங்கைப் போரின் முடிவில் வன்னியில் நம் மக்கள் செத்தபோது இந்த அமைப்புகள் எங்கே போயின?

இதைக் கேட்காமல் எங்கள் மேசையைக் கடந்து போகும் பெரியவர்கள் குறைவு. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா. அமைப்புகளையும் பெரும்பாலான உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது, அவை வெளியேறின. அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு உள்ளே நின்றது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் மீண்டும் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகிக் கைவிடப்பட்டபின், பிப்ரவரி 10-ஆம் தேதியிலிருந்து காயம்பட்டவர்களைப் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய் அக்குழு வெளியேற்றியது. முதலில் திருகோணமலைக்கும், பிறகு இந்திய மருத்துவக் குழுவினர் கூடார மருத்துவமனை அமைத்திருந்த புல்மோட்டைக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். மே மாதம் 9-ஆம் தேதியோடு அப்பயணங்கள் நின்றன. காயம்பட்டவர்களும் உடன் சென்ற உறவினர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டோர் அவ்வழியே வெளியேறினர்.

கரையில் இருந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் வெளிநாட்டவர் அல்லர். அரசுச் சம்பளம் பெற்ற தமிழ் மருத்துவர்களும் தாதியரும்தான் பள்ளிக்கூடக் கட்டடத்திலும் தார்ப்பாயின் கீழும், மயக்க மருந்தும் இரத்தமும் போதாத நிலையில் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களில் சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஆகவே 'யாருமே இல்லை' என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. 'போதுமானவர்கள் இல்லை, உள்ளே போக விடவில்லை' என்று சொல்வதே சரி.

செஞ்சிலுவை, செம்பிறை என்பவை மத அடையாளங்களா?

அல்ல. 1859-இல் இத்தாலியின் சோல்பரினோ போர்க்களத்தைக் கண்ட ஹென்றி டுனாண்ட் என்ற சுவிஸ் வணிகரின் முயற்சியில் 1863-இல் அந்த இயக்கம் பிறந்தது. சுவிஸ் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டதே செஞ்சிலுவை. 1876-இல் உதுமானியப் பேரரசு செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. மலேசியச் சங்கம் 1975-இல் செம்பிறைக்கு மாறியது. இரண்டையும் விரும்பாதவர்களுக்காக 2005-இல் செம்படிகம் என்ற மூன்றாவது சின்னமும் ஏற்கப்பட்டது.

ஓர் அகதி முகாம் புதிதாக உருவானால் மருத்துவர்கள் முதலில் என்ன செய்வார்கள்?

தண்ணீரைப் பார்ப்பார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பிடம் என்பவை எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவுகள்; தொடக்க நாள்களில் 50 பேருக்கு ஒன்று என்றாவது இருக்க வேண்டும். அதே வாரத்தில் ஆறு மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடத் தொடங்குவார்கள். நெருக்கடியும் பசியும் சேர்ந்த இடத்தில் தட்டம்மை ஒரு கூடாரத்தில் நுழைந்தால் வரிசை முழுவதையும் வளைத்துவிடும். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கப் பனிப்பெட்டி, மின்னாக்கி, எண்ணெய், நேர்மையான ஒரு லாரி ஓட்டுநர் ஆகிய அனைத்தும் தேவைப்படுவதால், மருத்துவருக்கு இணையாகக் கிடங்குக்காரரும் முக்கியமானவர் ஆகிறார்.

பிள்ளைகளின் மேற்கையை ஒரு காகித நாடாவால் அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாடாவில் சிவப்புத் தெரியும். அது கடும் ஊட்டக்குறைவு. ஒரு மாதிரி நாடாவை எங்கள் மேசையில் வைத்திருக்கிறோம். அந்தச் சிவப்பு எல்லையில் நாடாவை வளையமாக்கிப் பாருங்கள்; உங்கள் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்தைவிட அது பெரிதாக இராது. அத்தகைய குழந்தைக்கு நிலக்கடலை விழுது, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை, சத்துகள் சேர்த்த 500 கலோரிப் பொட்டலம் கொடுக்கப்படுகிறது. அதற்குச் சமைக்கவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

வாந்திபேதி என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லவே அஞ்சிய காலராவும் இத்தகைய இடங்களில்தான் தலைகாட்டும். கடுமையாகப் பீடித்தவர்களைச் சிகிச்சையின்றி விட்டால் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். நேரத்தோடு நீர் ஏற்றினால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவரே இறப்பர். பெரும்பாலோருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தாலே போதும். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தலைதட்டிய தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலப்பார்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1942-43-இல் சப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் பெருந்தொகையினர் காலராவாலும் மலேரியாவாலும் செத்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். ஆனால் அவர்களுக்குள்ளேயே படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டவும் கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். லயத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அதே காடு, அதே கிருமி, அதே மழைதான் இருவருக்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் மருந்துகளைக் கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் தவறு செய்தவர்களே நாங்கள்தான். முதலாண்டில் 'மருந்து தாருங்கள்' என்று அறிவித்தோம்; இரண்டு வாரத்தில் மண்டபத்தின் மூலையில் பதினான்கு பெட்டிகள் சேர்ந்தன. தாதியர் இருவரோடு உட்கார்ந்து பிரித்தபோது, மூன்று மாத்திரை மட்டும் மிஞ்சிய அட்டைகளும், பிசுபிசுத்த மூடியோடு பாதிக் காய்ச்சல் மருந்தும், பெயர் சுரண்டப்பட்ட மருத்துவமனைப் பொட்டலங்களும், காலாவதித் தேதி இருக்கும் ஓரமே கிழிந்துபோன பட்டைகளும்தான் கைக்கு வந்தன. ஒரு பெட்டியில் பல்செட்டு ஒன்றும் இருந்தது. அனுப்பத்தக்கதாக ஒன்றுகூட இல்லை. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். அறிவிப்பை யோசிக்காமல் எழுதியவர்கள் நாங்கள்.

இது சிற்றூர்க்காரர் மட்டும் செய்யும் பிழையன்று. 1992-க்கும் 1996-க்கும் இடையில் போஸ்னியாவுக்கு அனுப்பப்பட்டவற்றில் சுமார் 17,000 டன் மருந்து பயன்படாதவை என்று கணக்கிடப்பட்டது. அவற்றைப் பாதுகாப்பாக எரிப்பதும் போரில் நொந்த அந்நாட்டின் தலையிலேயே விழுந்தது. இத்தகைய அனுபவங்களால்தான் உலகச் சுகாதார நிறுவனம் நன்கொடை மருந்துக்கு விதிகளை வகுத்தது: கேட்கப்பட்ட மருந்தாக இருக்க வேண்டும், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிஞ்சியிருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவருக்குப் புரியும் மொழியில் பெயர் இருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்து மீந்ததாக இருக்கக் கூடாது. அவசர காலத்துக்கென்றே 10,000 பேருக்கு மூன்று மாதம் போதுமான மருந்தும் கருவிகளும் அடங்கிய தொகுப்புகள் ஆயத்தமாகக் கிடங்குகளில் இருக்கின்றன. அவற்றை வாங்கப் பணம் வேண்டும். இப்போது நாங்கள் பணம் மட்டுமே வாங்குகிறோம்.

நம் வட்டாரத்தில் இருக்கும் அகதிகள் நோயுற்றால் எங்கே போவார்கள்?

ஐ.நா. அகதிகள் ஆணையம் மலேசியாவில் 1975-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அதில் பதிவு செய்திருப்போர் 180,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அவர்களுள் ரோஹிங்யாக்களே மிகுதி. இலங்கைத் தமிழரும் இருக்கிறார்கள். ஆணையத்தின் அட்டை வைத்திருப்போருக்கு அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் நமக்கு ஒரு வெள்ளியில் (ரிங்கிட்) முடியும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. அறுவையும் பிரசவமும் ஆயிரக்கணக்கில் போகும்போது, சட்டப்படி வேலை செய்யும் உரிமையே இல்லாத ஒருவருக்குப் பாதியும் மலைதான். அட்டை இல்லாதவருக்கு அச்சம் வேறு: ஆவணமற்ற நோயாளிகளைக் குடிநுழைவுத் துறையிடமோ காவல்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்ற 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருப்பதால், காய்ச்சல் முற்றிய பிறகே பலர் வெளியே வருகிறார்கள். நமக்கு அருகில் பட்டர்வொர்த்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு கிளினிக் நடத்தி வருகிறது.

செம்பனைக் காட்டோரம் தங்கிப் புல்வெட்டும் அகதி ஒருவரின் மனைவியை, எட்டு மாத வயிற்றோடு, எங்கள் குழுவினர் ஒரு முறை காரில் அழைத்துப் போனார்கள். அட்டையின் நகலை அவர் மூன்று பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இரவிக்கைக்குள் வைத்திருந்தார். மடித்து மடித்து எழுத்தே தேய்ந்திருந்தது. பதிவு முகப்பில் இருந்தவர் அதைக் கையில் வாங்காமலே 'முன்பணம்' என்றார். அன்று குழுவினர் பையில் பணம் இருந்தது. எல்லா நாளும் இருக்காது.

நம் பிள்ளைகளுக்கே வசதி போதாதபோது இவர்களுக்கு ஏன்?

நியாயமான கேள்வி. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய நம்மவர் பலர் இன்னும் சொந்த வீடின்றி இருப்பதை அறியாதவன் அல்லன் நான். ஆயினும் நோய் அடையாள அட்டையைக் கேட்டு வருவதில்லை. 27 ஆண்டுகளாக இல்லாதிருந்த இளம்பிள்ளைவாதம் 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு வந்தது. அதன்பின் குடியுரிமை பாராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அது தன்னலக் கணக்கு. அந்தக் கணக்கு இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. திண்ணையில் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

மனநலத்துக்கு என்ன செய்கிறார்கள்?

முதலில் உறக்கம், உணவு, பிரிந்த உறவினரைப் பற்றிய செய்தி, பிறகுதான் ஆலோசனை. நடந்ததைச் சொல் சொல் என்று ஒருவரையும் தூண்டக் கூடாது. சொன்னால் கேட்க வேண்டும். குடும்பத்தைத் தேடித் தரும் வேலையைச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் பல்லாண்டாகச் செய்து வருகின்றன; ஒரு தொலைபேசி அழைப்பு பல மாத்திரைகளுக்குச் சமம் என்று அப்பணியில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மருத்துவம் படிக்காத நான் சேர முடியுமா?

முடியும். கோசோவோ நெருக்கடியை ஒட்டி 1999-இல் டாக்டர் ஜமிலா மாமூட் தொடங்கிய மெர்சி மலேசியா போன்ற அமைப்புகளுக்குக் கணக்கர், ஓட்டுநர், குழாய்ப் பணியாளர், மின்பணியாளர் அனைவரும் தேவை. உள்ளூரில் அதைவிட எளிய வேலைகள் உண்டு: கிளினிக்குக்கு அழைத்துப் போவது, மலாய்ப் படிவத்தை நிரப்பித் தருவது, அடுத்த சந்திப்புத் தேதியை நினைவூட்டுவது. நோயாளியின் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். தாயின் கருச்சிதைவைப் பத்து வயது மகன் வாயால் மருத்துவருக்குச் சொல்ல வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். படம் எடுத்து முகநூலில் போடவே வேண்டாம். ஊரில் விட்டுவந்த உறவினருக்கு அது ஆபத்தாக முடியலாம்.

கொடுக்கவும் கூடாது என்றால், வீட்டில் கிடக்கும் பழைய மருந்தை என்ன செய்வது?

அரசு மருத்துவமனை, சுகாதாரக் கிளினிக் ஆகியவற்றின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். பாதுகாப்பாக அழிப்பதற்காக வாங்கிக்கொள்வார்கள். கழிவறையிலோ தோட்டத்துக் கால்வாயிலோ கொட்டாதீர்கள். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரிக்காமல், அவரவர் பெயர் இருக்கும் தாளை மட்டும் கிழித்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். எங்கள் பதினான்கு பெட்டிகளையும் அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வேனில் இரண்டு நடை ஆனது.